கால் டேங்க் பெட்ரோலும் முக்கால் டேங்க் துருவும்

'தும்பை விட்டு வாலைப் பிடிப்பது' என்று நம் ஊரில் சொல்வார்கள். ரயில்வேயில் முப்பத்தெட்டு ஆண்டுகள் இரும்போடும் துருவோடும் மல்லுக்கட்டியவன் நான். அந்தப் பழமொழியின் முழுப் பொருள் எனக்கு விளங்கியது என்னவோ ஓய்வு பெற்ற பிறகு, வீட்டுத் தாழ்வாரத்தில் நின்ற ஒரு பழைய மோட்டார் சைக்கிளால்தான். பழைய வண்டியை ஆசையோடு மூடி வைத்திருக்கும் குடும்பங்கள் நம் சங்கத்தில் பல உண்டு. என் அனுபவம் அவர்களில் ஒருவருக்காவது பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1986-ஆம் வருடத்து புல்லட், 350 சி.சி. நம் திருவொற்றியூரில் பிறந்த வண்டி. 1955-இல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம், இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து இந்த வண்டிகளை இங்கே செய்யத் தொடங்கியது. ரெட்டிச் ஆலை 1960-களின் இறுதியில் மூடப்பட்டுவிட்டது. பெற்ற தாய் போனாலும் தத்துப் பிள்ளை தழைத்தது போல, திருவொற்றியூரில் மட்டும் புல்லட் தொடர்ந்து உருவாகிக்கொண்டே இருந்தது. டிப்ளமா முடித்துப் பிழைப்புக்காகத் தென் மத்திய ரயில்வேக்கு வந்து சேர்ந்த எனக்கு, செகந்திராபாத் தெருவில் அந்த 'டுக் டுக்' சத்தம் கேட்டால் ஊர்க்காரர் ஒருவர் கூப்பிடுவது போலவே இருக்கும். முதல் சம்பள உயர்வில் முன்பணம் கட்டி வாங்கினேன். என் மகளைப் பள்ளிக்கூடத்துக்கும், என் துணைவியைப் பிரசவத்துக்கும், நம் சங்கத்துப் பொங்கல் விழாவுக்குக் கரும்புக் கட்டையும் சுமந்த வண்டி அது.

2020-இல் ஓய்வு பெற்றுப் பட்டான்செருவுக்குக் குடி வந்தோம். கொரோனா காலம். வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடினேன். டேங்கில் கால் பங்கு பெட்ரோல் இருந்தது. 'இன்றைக்கு எடுக்கலாம், நாளைக்கு எடுக்கலாம்' என்று நான்கு மழைக்காலம் ஓடிவிட்டது.

அந்த இரவு

என் நண்பர் ஒருவரின் மகன் தூத்துக்குடியிலிருந்து வந்து, இங்கே ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறான். ஞாயிறு என்றால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. புல்லட் மேல் அவனுக்கு ஒரு கண். "மாமா, ஒரு நாள் ஓட்டிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நானும் பதிவைப் புதுப்பித்து, காப்பீடு கட்டி, புது பேட்டரி போட்டு, டயரை மாற்றி, ஐந்து லிட்டர் புதுப் பெட்ரோல் ஊற்றினேன். நாலாவது உதையில் எஞ்சின் கிளம்பிவிட்டது. எனக்கு ஒரே பெருமை. "எடுத்துட்டுப் போடா, வண்டி கல்லு மாதிரி இருக்கு" என்று சாவியைக் கொடுத்துவிட்டேன். காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தன. காகிதத்தில் துரு தெரியாது அல்லவா?

இரவு ஒன்பதரை மணிக்குத் தொலைபேசி வந்தது. "மாமா, வண்டி நின்னுடுச்சு" என்றான். குரலில் நடுக்கம் இருந்தது. ராமச்சந்திராபுரத்திலிருந்து பட்டான்செரு நோக்கி மும்பை நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்திருக்கிறான். லேசான தூறல். லாரியை முந்துவதற்காக வலப்பக்கம் ஏறிய நேரத்தில் எஞ்சின் இரண்டு முறை இருமி, செத்துவிட்டது. பின்னால் வந்த டேங்கர் லாரி பிரேக் அடித்து, அவனுக்குச் சில அடி தூரத்தில் நின்றிருக்கிறது. லாரி ஓட்டுநரே இறங்கி வந்து, திட்டிக்கொண்டே, வண்டியைச் சாலையோரம் தள்ள உதவினாராம். அந்தப் புண்ணியவான் எந்த ஊரோ, நன்றாக இருக்கட்டும்.

அன்று இரவு நான் தூங்கவில்லை. அவனுடைய தாயார் எங்களை நம்பி அனுப்பிய பிள்ளை. அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்த அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? எஞ்சின், டயர், பிரேக், விளக்கு எல்லாவற்றையும் பார்த்தேன். டேங்க் மூடியைத் திறந்து ஒரு முறை டார்ச் அடித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

துரு எங்கிருந்து வந்தது?

மறுநாள் கார்புரேட்டரைக் கழற்றினேன். கிண்ணத்தின் அடியில் மிளகாய்த் தூள் போலச் செந்நிறப் பொடி. மெயின் ஜெட்டின் சிறு துவாரத்தில் ஒரு துணுக்கு அடைத்திருந்தது. டேங்கின் பெட்ரோல் டேப்பில் இருந்த வலை கிழிந்து போயிருந்தது. டேங்குக்குள் பார்த்தால், அடிப்பகுதியில் ஒரு குளத்துக்கரை போலக் கோடு. கோட்டுக்கு மேலே முழுவதும் செக்கச் செவேல் என்று துரு. கோட்டுக்குக் கீழே ஓரளவு வெள்ளை இரும்பு. ஆனால் மிகத் தாழ்வான மூலையில் மட்டும் மறுபடி கருஞ்சிவப்பு.

வாசகர்கள் இந்தக் கோட்டைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது. இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் வேண்டும், பிராண வாயுவும் வேண்டும். பெட்ரோல் இரும்பின் மேல் இருக்கும் வரை இவை இரண்டையும் அண்டவிடாது. பெட்ரோல் இல்லாத இடத்தில் காற்று இருக்கிறது. டேங்க் மூடியில் மூச்சு விட ஒரு சிறு துளை உண்டு. பகலில் வெயிலில் டேங்க் சூடாகிக் காற்றை வெளியே விடும். இரவில் குளிர்ந்து, வெளியில் இருக்கும் ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் சுவரில் பனியாக வியர்த்து, வழிந்து, பெட்ரோலுக்கு அடியில் போய்த் தங்கும். தண்ணீர் பெட்ரோலை விடக் கனமானது என்பதால் அடி மூலையில் தேங்கி நிற்கும். நான்கு மழைக்காலத்தில் இப்படி எத்தனை இரவுகள்! கால் டேங்க் பெட்ரோல் விட்டேன். மீதி முக்கால் டேங்கைத் துருவுக்குக் குத்தகைக்கு விட்டேன்.

இப்போதைய பெட்ரோலில் இன்னொரு சங்கதியும் உண்டு. நம் நாட்டில் பெட்ரோலில் எத்தனால் கலப்பது 2022-இல் நூற்றுக்குப் பத்து பங்கை எட்டியது. 2023-இல் இருபது பங்கு கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து, 2025-இல் நாடு முழுவதும் பரவிவிட்டது. எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் கொள்ளைப் பிரியம். காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் இறங்கிவிடும். தினமும் ஓடும் வண்டிக்கு இதனால் பெரிய கவலையில்லை. மாதக்கணக்கில் நிற்கும் பழைய இரும்பு டேங்குக்குத்தான் கவலை. பழைய வண்டிகளின் ரப்பர் வாஷர்களும் இதில் ஊறிக் கெடும்.

பணிமனையில் இதே பாடத்தை நாங்கள் வேறு உருவத்தில் படித்தவர்கள்தான். பெரம்பூர் ஐ.சி.எஃப். வடிவமைப்பில் செய்த பழைய பெட்டிகள் ஓவர்ஹாலுக்கு வந்தால், பளபளவென்ற பக்கச் சுவரை நாங்கள் பார்க்கமாட்டோம். நேராகக் கழிப்பறைக்குக் கீழே போய்ச் சுத்தியலால் தட்டுவோம். கண்ணுக்குத் தெரியாத ஈரம் அங்கேதான் தங்கும். துரு அங்கேதான் தின்னும். 'டங்' என்று ஒலித்தால் நல்ல இரும்பு. 'டப்' என்றால் தகட்டை வெட்டி மாற்ற வேண்டியதுதான். ஆயிரம் பெட்டிகளைத் தட்டிப் பார்த்தவன் தன் வீட்டு டேங்கைத் தட்டிப் பார்க்கவில்லை. வைத்தியர் வீட்டுப் பிள்ளைக்குச் சளி என்பது இதுதான்.

முதலில் பத்திரம்

அடுத்த ஞாயிறு பையனும் நானும் வேலையைத் தொடங்கினோம். செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

பெட்ரோலை விட அதன் ஆவி ஆபத்தானது. ஆகவே வேலை முழுவதும் வெட்டவெளியில்தான். பேட்டரி இணைப்பைக் கழற்றினோம். பீடி, சிகரெட், பூஜை விளக்கு, அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது. கையில் ரப்பர் உறை, கண்ணுக்குக் கண்ணாடி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் முற்றிலுமாக நிறுத்தப்பட்டது. 1986-ஆம் வருடத்து டேங்கின் அடிக் கசடில் என்ன இருக்குமோ, வெறுங்கையால் அள்ளக் கூடாது.

பெட்ரோலை ஒரு தகர டின்னில் வடித்தோம். கெட்டுப்போன பெட்ரோல் வார்னிஷ் வாடை வீசும். அதை மறுபடி வண்டிக்கு ஊற்ற வேண்டாம். டேங்கின் போல்ட்டுகளைக் கழற்றி, ரப்பர் குழாயை உருவி, டேங்கைத் தனியே எடுத்துப் பெட்ரோல் டேப்பையும் கழற்றினோம். பிறகு வெந்நீரும் சோப்புத் தூளும் விட்டு மூன்று முறை குலுக்கிக் கழுவினோம். இந்தக் கழுவலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கும் பழைய பெட்ரோலின் கோந்தும் துருவின் மேல் போர்வை போல மூடியிருக்கும். அது போகாமல் எந்த அமிலமும் துருவைத் தொடாது. கழுவிய தண்ணீரைத் தனி டின்னில் சேர்த்து வைத்தோம்.

அடுத்து, உதிரும் துருவை உதிர்ப்பது. நாற்பது சிறிய நட்டுகளை எண்ணி உள்ளே போட்டு, கொஞ்சம் தண்ணீரும் விட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். ஊரில் நெல் சலிப்பது போலச் சத்தம். பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பாட்டி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, பொம்மையா செய்கிறீர்கள் என்று கேட்டார். வெளியே வந்தவை முப்பத்தொன்பது. நாற்பதாவது நட்டைத் தேடி அரை மணி நேரம் டேங்கைத் தலைகீழாகத் தட்டினோம். எண்ணிப் போடாமல் இருந்திருந்தால் அது உள்ளேயே கிடந்து ஒரு நாள் டேப்பை அடைத்திருக்கும். நட்டுக்குப் பதிலாக ஒரு மெல்லிய சங்கிலியைப் போட்டு, அதன் வாலில் கம்பி கட்டி வெளியே விட்டால் இந்தத் தொல்லை இல்லை.

புளியும் எலுமிச்சையும்

ஒட்டிக்கொண்டிருக்கும் துருவுக்கு அமிலம் வேண்டும். "இதுக்கு எதுக்குங்க கடைகடையா அலையறீங்க? வெண்கலப் பானையைப் புளி போட்டுத்தானே தேய்க்கிறோம்?" என்றார் என் துணைவி. அவர் சொன்னது வேதியியல்படி சரிதான். பாத்திரத்தின் மேல் உள்ள ஆக்சைடை புளியில் இருக்கும் அமிலம் கரைக்கிறது. துருவும் ஓர் ஆக்சைடுதான். டேங்குக்குப் புளியை விட வசதியானது எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம். இங்கே கிரானா கடையில் 'நிம்ம உப்பு' என்று கேட்டால் வெள்ளைச் சர்க்கரை போலப் பொட்டலம் கட்டித் தருவார்கள்.

என் டேங்க் சுமார் 14 லிட்டர் கொள்ளும். லிட்டருக்கு 70 கிராம் கணக்கில் ஏறக்குறைய ஒரு கிலோ எலுமிச்சை உப்பை வெதுவெதுப்பான நீரில் கரைத்தோம். டேப் துவாரத்தை ரப்பர் அடைப்பானால் மூடி, வெளிப் பூச்சில் சொட்டு பட்டால் கறை படியும் என்பதால் டேங்கைச் சுற்றிப் பாலிதீன் தாள் சுற்றி, கழுத்து வரை நிரப்பினோம். கழுத்து வரை என்பது முக்கியம். துரு கூரையில்தான் அதிகம். பாதி நிரப்பினால் பாதி வேலைதான். மூடியை இறுக்கி மூடக் கூடாது. அமிலமும் இரும்பும் சேரும்போது ஹைட்ரஜன் வாயு வரும். அது வெளியேற வழி வேண்டும். அந்த வாயுவும் தீப்பிடிக்கக் கூடியதுதான். வாயில் ஒரு துணியைத் தளர்வாகப் போட்டு, வேப்ப மரத்தடியில் ஓர் இரவு விட்டோம். இரண்டு மூன்று நாள் ஊறினால் இன்னும் நன்றாக இருக்குமே என்று நினைக்க வேண்டாம். துரு தீர்ந்ததும் அமிலம் நல்ல இரும்பைத் தின்னத் தொடங்கும்.

காலையில் நீர் பச்சையும் பழுப்பும் கலந்த நிறத்தில் இருந்தது. வடித்துவிட்டுப் பார்த்தால், உள்ளே சாம்பல் நிறத்தில் வெறும் இரும்பு. பையன் கைதட்டினான்.

என் இரண்டாவது தவறு

அந்த மகிழ்ச்சியில் போர்வெல் தண்ணீரால் இரண்டு முறை அலசிவிட்டு, டேங்கைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். அன்று வத்தக்குழம்பு. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் உள்ளே முழுவதும் ஆரஞ்சு நிறம்! அமிலம் தின்று முடித்த இரும்பு, தோல் உரிந்த புண் போன்றது. ஈரமும் காற்றும் பட்டால் நாள்கணக்கு வேண்டாம், நிமிடக்கணக்கில் புதுத் துரு பூத்துவிடும்.

ஆகவே வாசகர்கள் இதை அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ள வேண்டும்: துருவை எடுப்பது பாதி வேலை. எடுத்த பிறகு வரும் அரை மணி நேரம்தான் மீதிப் பாதி.

இரண்டாவது முறை, புதிதாகக் கரைத்த எலுமிச்சை உப்பு நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டோம். புதுத் துரு மெல்லியது, உடனே போய்விட்டது. இம்முறை எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக வைத்துக்கொண்டோம். அமிலத்தை வடித்த கையோடு ஆப்ப சோடா கரைத்த நீர். மிச்ச அமிலம் நுரைத்து அடங்கியது. பிறகு சோடா கொஞ்சமாகக் கலந்த வெந்நீர். காரம் கலந்த நீரில் இரும்பு அவ்வளவு விரைவாகத் துருப்பிடிக்காது. வெந்நீர் விரைவில் உலரும். உடனே கவிழ்த்து, தலைமுடி உலர்த்தும் மின்கருவியால் சூடான காற்றை அடித்து, மூலை முடுக்கெல்லாம் உலர்த்தினோம். பெட்ரோல் வாடை துளியும் இல்லாத டேங்குக்குத்தான் அந்தக் கருவியைப் பக்கத்தில் கொண்டு வரலாம். எங்கள் டேங்க் பலமுறை கழுவி, ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் நின்றது. உலர்ந்ததும், சூடு ஆறுவதற்குள் கால் லிட்டர் எஞ்சின் ஆயிலை ஊற்றி எல்லாப் பக்கமும் உருட்டிப் பூசினோம். மிச்சத்தை வடித்துவிட்டுக் கழுத்து வரை புதுப் பெட்ரோல் நிரப்பினோம். பெட்ரோல் டேப்புக்குப் புது வலை, புது வாஷர். குழாயின் நடுவே ஒரு சிறிய வடிகட்டி. கார்புரேட்டரையும் கழுவிப் பூட்டினோம்.

பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியும் கடையில் கிடைக்கிறது. அது துருவைக் கரைப்பதோடு இரும்பின் மேல் மெல்லிய பாஸ்பேட் படலத்தையும் விட்டுச் செல்லும். தில்லி குதுப் மினார் அருகே நிற்கும், ஏறக்குறைய ஆயிரத்து அறுநூறு ஆண்டுப் பழமையான இரும்புத் தூண் ஏன் துருவால் அழியவில்லை என்று ஆராய்ந்தவர் கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம். பழங்காலத்து இரும்பில் பாஸ்பரஸ் அதிகம் இருந்ததால் அதன் மேல் காக்கும் பாஸ்பேட் படலம் ஒன்று உருவானதை அவர் விளக்கினார். கடையில் வாங்கும் புட்டி நம் டேங்கைத் தில்லித் தூண் ஆக்கிவிடாது; ஆனால் உலர்த்தும் வரை கொஞ்சம் அவகாசம் தரும்.

"எங்கே கொட்டப் போறீங்க?"

வேலை முடிந்தது என்று வாளியைத் தூக்கினேன். வாசலில் மழைநீர்க் கால்வாய். "ஏங்க, இதை எங்கே கொட்டப் போறீங்க?" என்றார் துணைவி. நான் விழித்தேன்.

பட்டான்செருவில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. 1970-களிலிருந்து இங்கே வளர்ந்த மருந்து, ரசாயனத் தொழிற்சாலைகள் நம்மவர் பலருக்குச் சோறு போட்டிருக்கின்றன, மறுப்பதற்கில்லை. அவற்றின் கழிவு இசுகவாகு, நக்கவாகு ஓடைகள் வழியாக இறங்கியதும், கிணறுகளும் வயல்களும் கெட்டதும், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதும் ஊரறிந்த கதை. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்த பிறகும், 2007-இல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் அதிலிருந்து வெளியேறிய நீரில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற மருந்து லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததாக எழுதினார்கள். நக்கவாகு போய்ச் சேருவது மஞ்சீரா நதியில். ஆலைக்காரர்களைத் திட்டிவிட்டு நம் வாளியை அதே ஓடைக்கு அனுப்பினால் அது என்ன நியாயம்? "எங்க பிளான்ட்டுல ஒரு வாளி வெளியே போனாக்கூடக் கணக்குக் கேப்பாங்க மாமா" என்றான் பையன்.

ஆகவே இப்படிச் செய்தோம். அமில நீரில் ஆப்ப சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக, நுரை அடங்கும் வரை போட்டோம். அமிலம் தீர்ந்ததா என்று அறிய என் துணைவி ஒரு வழி சொன்னார். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தி சிவக்கிறதே, அதே சோதனைதான். மஞ்சள் தடவிய காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால், அமிலம் இருக்கும் வரை மஞ்சளாகவே இருக்கும். காரம் மிஞ்சியதும் சிவக்கும். லேசாகச் சிவந்ததும் நிறுத்தி, ஓர் இரவு தெளியவிட்டோம். தெளிந்த நீரை நிறையத் தண்ணீர் சேர்த்துக் கழிப்பறை வழியாகச் சாக்கடைக் குழாய்க்கு விட்டோம். மழைநீர்க் கால்வாயிலோ செடியிலோ ஊற்றவில்லை. அடியில் தங்கிய கசடு, முதலில் கழுவிய எண்ணெய்த் தண்ணீர், பழைய பெட்ரோல் மூன்றையும் தனித்தனி டின்னில் மூடி, கழிவு எண்ணெயை முறைப்படி ஒப்படைக்கும் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் சொல்லிக் கொடுத்தோம்.

செய்யக் கூடாதவை

கழிப்பறை கழுவும் ஆசிடைச் சிலர் ஊற்றுவார்கள். துரு சீக்கிரம் போகும். நல்ல தகடும் சேர்ந்து போகும். அதன் புகை நெஞ்சை அடைக்கும். அதோடு பிளீச்சிங் பவுடர் கலந்தால் வருவது விஷ வாயு.

பழைய பேட்டரி சார்ஜரை வைத்து மின்சாரத்தால் துரு எடுக்கும் முறை நல்ல முறைதான். சலவைச் சோடா கரைசலில் டேங்கை எதிர்முனைக்கும், டேங்கைத் தொடாத ஒரு சாதாரண இரும்புக் கம்பியை நேர்முனைக்கும் இணைக்க வேண்டும். எவர்சில்வர் கம்பி கூடாது. அதிலிருந்து நச்சுக் குரோமியம் கரையும். சமையல் உப்பும் கூடாது, குளோரின் வரும். ஹைட்ரஜன் வெளிவருவதால் திறந்தவெளி கட்டாயம். சுவிட்சை அணைத்த பிறகே இணைப்பைக் கழற்ற வேண்டும். மின்சார வேலை தெரியாதவர்கள் எலுமிச்சை உப்போடு நின்றுகொள்வது நல்லது.

துரு போனதும் சில டேங்குகள் ஊசித் துளை வழியாக ஒழுகத் தொடங்கும். அமிலம் துளை போட்டுவிட்டது என்று வருந்த வேண்டாம். துளை முன்பே இருந்தது, துருதான் அதை அடைத்துக்கொண்டிருந்தது. அதை அடைக்க வீட்டில் நெருப்பைக் கொண்டு போகாதீர்கள். காலி டேங்க் என்பது ஆவி நிறைந்த டேங்க். நிறைந்த டேங்கை விட அதுதான் வெடிக்கும். இது தெரிந்த தொழிலாளியிடம் கொடுக்க வேண்டிய வேலை. உள்ளே பூசும் எபாக்சிப் பூச்சுகளையும், துரு முழுவதும் போகாத டேங்கில் பூசினால் தோல் தோலாக உரிந்து மறுபடி ஜெட்டை அடைக்கும்.

இனி வராதிருக்க

வண்டி சில வாரம் நிற்கப் போகிறது என்றால் டேங்கைக் கழுத்து வரை நிரப்பி வையுங்கள். துருவுக்கு இடம் கொடுக்காதீர்கள். வாரம் ஒரு முறை எடுத்துப் பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். பல மாதம் ஊரில் இருக்க மாட்டீர்கள் என்றால், பெட்ரோலை முழுவதும் வடித்து, உலர்த்தி, எண்ணெய் பூசி மூடுங்கள். நிரம்பவும் இல்லாமல், காலியாகவும் இல்லாமல் கால் டேங்கோடு விடுவதுதான் மோசம். திரும்பி வந்ததும், சாவியைத் திருகுமுன் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். டார்ச்சை முன்கூட்டியே எரியவிட்டுப் பக்கத்தில் கொண்டு போங்கள். தீக்குச்சி வேண்டவே வேண்டாம். இன்னொருவர் கையில் சாவியைக் கொடுப்பதற்கு முன், ஒரு வாரம் நீங்களே ஓட்டிப் பாருங்கள்.

எங்கள் புல்லட் இப்போது நன்றாக ஓடுகிறது. முதல் ஒரு மாதம் பையன் கேட்டும் நான் சாவி தரவில்லை. நானே அதே நெடுஞ்சாலையில் ராமச்சந்திராபுரம் வரை போய்ப் போய் வந்தேன். ஒவ்வொரு வாரமும் வடிகட்டியைக் கழற்றி வெள்ளைத் துணியில் தட்டிப் பார்த்தேன். நான்காவது வாரம் துணி வெள்ளையாகவே இருந்தது. அன்றுதான் கொடுத்தேன். "என்ன மாமா, இவ்வளவு பயமா?" என்று சிரித்தான். அந்த டேங்கர் லாரியின் பிரேக் சத்தத்தைக் காதால் கேட்டவன் அவன். இரவெல்லாம் மனதால் கேட்டவன் நான்.

இதை எழுதி முடித்தபோது என் துணைவி படித்துவிட்டு, "டேங்க் கதை சரி, ஊர்ல பூட்டிக் கிடக்கிற உங்க அப்பா வீட்டை எப்போ திறந்து பார்க்கப் போறோம்?" என்றார். பிழைக்க வந்த இடத்தில் நாற்பது வருடம் ஆகிவிட்டது. முழுவதும் விட்டுவிடவும் மனமில்லை, போய் இருக்கவும் முடியவில்லை. கால் டேங்கோடு நிற்கிறது அந்த வீடு. வரும் சித்திரையில் போய்க் கதவைத் திறந்து காற்றோட்டமாக வைத்துவிட்டு வரலாம் என்று பயணச்சீட்டு எடுத்திருக்கிறோம்.

வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் இந்த ஞாயிறே மூடியைத் திறந்து ஒரு முறை பார்க்க வேண்டுகிறேன்.